எட்டுக் கிளாஸ் அதிமதுரம்

கொழும்புத்துறைக் கரையில் சிமியோனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'தேத்தண்ணி டொக்டர்' என்றால்தான் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். படிப்பு எட்டாம் வகுப்பு, பட்டம் ஊர் கொடுத்தது. கடலால் வந்து அவருடைய கடை வாங்கில் குந்துகிறவனிடம் "என்ன வேணும்?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "என்ன செய்யுது?" என்றுதான் கேட்பார்.

வாய்வு என்றால் இஞ்சித் தேத்தண்ணி. சீனி கூடின சலரோகக்காரனுக்கு ஆவாரம்பூ. தடிமன் காய்ச்சலுக்குக் கொத்தமல்லி. பிறசர் என்கிற இரத்த அழுத்தம் உள்ளவனுக்குச் செம்பரத்தம்பூ. சாப்பிட்ட கையோடு வந்து பால் விடாத பிளேன்ரீ கேட்டால் கிடைக்காது. "ஒரு மணித்தியாலம் பொறு. திண்ட கீரையின்ரை சத்தையெல்லாம் தேயிலைச் சாயம் திண்டுபோடும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கனடாக்காரர் யாரோ கொடுத்துவிட்டுப் போன பச்சைத் தேயிலையை ஒரு மாதம் தானே குடித்துப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு நல்லதுதான், வாய்க்கு வைக்கோல்" என்று தீர்ப்புச் சொன்னவர். எந்த இலையையும் வேரையும் முதலில் ஒரு கிழமை தான் குடிப்பார். நித்திரை எப்படி, வயிறு எப்படி, மூத்திரம் எப்படி என்று ஒரு கொப்பியில் எழுதுவார். பிறகுதான் ஊருக்கு ஊற்றுவார். பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கமும் வெட்டி அதே கொப்பியில் ஒட்டியிருக்கும்.

முந்தி அவரும் கடற்தொழில்தான். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த காலத்தில் ஒரு கொட்டில் போட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனவர், ஊருக்குத் திரும்பியும் அதைக் கைவிடவில்லை. நல்ல மனிதர். ஆனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இந்த வருடத் தவக்காலம் தொடங்கியபோதுதான் சந்தியோகு வந்து வாங்கில் இருந்தார். சந்தியோகு, சிமியோனோடு ஒரே படகில் ஏறிய சிநேகிதர். வயது ஐம்பத்தேழு. நான்கு வருடமாகப் பிறசர், காலையில் அதற்கு ஒரு குளிசை விழுங்குகிறவர். தவக்காலம் முடிகிற பாஸ்காத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு கோயிலடியில் மேடையேறவிருந்த கூத்தில் அவருக்குத்தான் இராசா வேசம். இராசா என்றால் சும்மாவா, பாட்டுகளில் பாதி அவருடையது.

"மச்சான், குரல் அடைக்குது" என்றார் சந்தியோகு. "கூத்துப் பழக்கிற அண்ணாவியார் முறைக்கிறார். ஒருசந்தியும் முறியக்கூடாது. ஏதாவது பார்த்துத் தா."

ஒருசந்தி என்றால் நாற்பது நாளும் ஒருநேரச் சாப்பாடு. மற்ற நேரத்தில் தண்ணீர், தேத்தண்ணி குடிக்கலாம், அதனால் நோன்பு முறியாது. சந்தியோகு அந்த விசயத்தில் கல்லு மாதிரி. சீனியையும் பாலையும் நாற்பது நாளுக்கு விட்டிருந்தார்.

சிமியோன் இரண்டு நாள் யோசித்தார். பால்தேத்தண்ணி சளி கட்டும், பாலும் விலக்கு. வெறும் வயிற்றில் பிளேன்ரீ எரிக்கும், நித்திரையையும் கெடுக்கும். இஞ்சி அதைவிட எரிக்கும். செம்பரத்தம்பூ பிறசருக்கு நல்லது, ஆனால் புளிப்பு, பாடுகிற தொண்டைக்கு ஆகாது. பச்சைத் தேயிலையைச் சந்தியோகு துப்பிவிடுவார். மிஞ்சியது அதிமதுரம். தொண்டைக்கு அதைப்போல ஒன்று இல்லை. கூத்துக்காரர் காலம் காலமாக ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பாடுகிறவர்கள்தானே. வயிற்றுப் புண்ணையும் ஆற்றும். எல்லாவற்றையும்விட, சீனி போடாமலே இனிக்கும். கொப்பியைப் புரட்டினார். 'அதிமதுரம், ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ், ஏழு நாள். ஒரு கரைச்சலும் இல்லை' என்று அவருடைய கையெழுத்தே சாட்சி சொன்னது.

வேரை இடித்து, சாயத்தோடு போட்டு, பாதியாய் வற்றும்வரை காய்ச்சிக் கொடுத்தார். மூன்றாம் நாள் சந்தியோகுவின் குரல் மணி மாதிரித் திறந்தது. பிறகென்ன! விடிய ஒன்று, கடலால் வந்து இரண்டு, மத்தியானம், பின்னேரம், கூத்துப் பழகப் போக முதல், பழகி வந்த பிறகு, படுக்க முதல் என்று எட்டுக் கிளாஸ். பசிக்கும் அதுதான், களைப்புக்கும் அதுதான். நான்காம் கிழமை "காலிலை நரம்பு இழுக்குது மச்சான், தலையும் இடிக்குது" என்று அவர் சொன்னபோது சிமியோன் சிரித்தார். "ஒருசந்திக் களைப்படா. இன்னொரு கிளாஸ் குடி" என்று ஊற்றிக் கொடுத்தார்.

ஆறாம் கிழமை, ஒரு திங்கட்கிழமை காலை, கரையோரத்தில் கம்பு நட்டுக் கட்டின களங்கண்டி வலையைப் பார்க்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கிய சந்தியோகுவால் திரும்ப நடக்க முடியவில்லை. கால் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்துப் படகுக்காரர் இரண்டு பேர் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்கள். அங்கிருந்து பெரியாசுபத்திரி.

சந்தியோகுவின் மனைவி இராசாத்தி வழிநெடுகச் செபமாலையும் கையுமாக அழுதுகொண்டு போனாள். சிமியோன் கடையைத் தன் மனைவி மார்கிரட்டிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் பின்னால் போனார். போகும்போது சும்மா போகவில்லை. ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறைய அதிமதுரத் தேத்தண்ணி கொண்டு போனார்.

வாட்டில் ஓர் இளம் பெண் டொக்டர் விசாரித்தார். பிறசர் ஏறிப்போயிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு மூன்றரைக்கு மேலே இருக்கவேண்டுமாம். சந்தியோகுவுக்கு இரண்டு. அது இறங்கினால் தசை இயங்காது, இன்னும் இறங்கினால் இதயமும் ஒரு தசைதான் என்றார்.

"அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. குளிசையைத் தவிர வேற ஏதும் எடுத்தவரோ? நாட்டு மருந்து, வேர், கசாயம்?"

"ஐயோ, ஒண்டும் இல்லை டொக்டர். ஒருசந்தி இருக்கிறார். தேத்தண்ணி மட்டும்தான்" என்றாள் இராசாத்தி.

போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சிமியோனும் ஓம் என்று தலையை ஆட்டினார். பொய் சொல்லவேண்டும் என்று ஆட்டவில்லை. பத்து வருடமாகத் தேத்தண்ணியை மருந்து என்று ஊருக்கு ஊற்றிய மனிதர், மருந்து ஏதும் குடித்தாரா என்று டொக்டர் கேட்டபோது மட்டும் அதைத் தேத்தண்ணி ஆக்கிவிட்டார். இதை என்னவென்று சொல்வது!

சேலைன் போத்தலில் பொட்டாசியம் ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் ஏறியது. புதன் காலை பார்த்தால் பழையபடி இரண்டு. மேலால் ஏற்ற ஏற்ற, கீழால் மூத்திரத்தில் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒட்டிய வயர்கள் ஓடுகிற பெட்டியை நேர்ஸ்மார் அடிக்கடி வந்து பார்த்துப் போனார்கள். சந்தியோகுவால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. இராசாத்திதான் ஒவ்வொரு வாயாகத் தேத்தண்ணியைப் பருக்கினாள்.

"சிமியோன் அண்ணை இல்லாட்டி நான் என்ன செய்வன்" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னாள். "நேரம் தவறாமல் கொண்டந்து தாறார். ஆசுபத்திரிச் சாப்பாடு உள்ளை இறங்குதில்லை, இது மட்டும் இறங்குது."

சிமியோனுக்கு அதைக் கேட்க நெஞ்சு நிறைந்தது. புதன் மத்தியானம் போத்தலை வைத்துவிட்டு வெளிக்கிட்டவர், நாளைக்கு இன்னும் கட்டியாகக் காய்ச்சவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் இருக்கிற கனகசபாபதியின் மருந்துச் சரக்குக் கடைக்குப் போனார்.

கனகசபாபதி எழுபது வயது தாண்டியவர். நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி, கையில் தராசு. அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே அந்தக் கடையில் சுக்கும் திப்பிலியும் மணக்கின்றன.

"அரைக் கிலோ அதிமதுரம் தாங்கோ ஐயா."

தராசு அந்தரத்தில் நின்றது. "போன கிழமையும் அரைக் கிலோ கொண்டு போனீர். கடையிலை அவ்வளவு பேர் குடிக்கினமோ?"

"இல்லை ஐயா. ஒராளுக்குத்தான். கூத்துக்காரன். தொண்டைக்கு."

"ஒராளுக்கோ!" கனகசபாபதி தராசைக் கீழே வைத்தார். "தம்பி, ஆளுக்குப் பிறசர் இருக்கோ?"

"ஓம், இருக்கு. குளிசையும் போடுறவன்."

"மூத்திரம் போக வைக்கிற குளிசையோ?"

அந்தக் குளிசை போட்டால் படகில் நிற்க ஏலாமல் மூத்திரம் முடுக்குது என்று சந்தியோகு எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"பிறசர்க்காரருக்கு உது ஆகாது" என்றார் கனகசபாபதி. "தொண்டைக்குத் துளி நுள்ளிக் குடுக்கிறது வேற. கிலோக் கணக்கிலை குடிச்சால் உடம்பிலை உப்பைப் பிடிச்சு வைக்கும், பிறசர் ஏறும், ஆள் சோந்து விழும். அந்தக் குளிசையோடை சேர்ந்தால் இன்னும் கேடு. இண்டைக்கு விட்டாலும் அதின்ரை வேலை ரெண்டு கிழமை நிக்கும். ஆள் எப்பிடி இருக்கிறார்?"

சிமியோன் சைக்கிளை எடுத்தார்.

ஆசுபத்திரிப் படலையில் காவலாளி மறித்தார். நோயாளர் பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது, இனி ஐந்து மணிக்குத்தான். "அவசரம் தம்பி" என்றார் சிமியோன். "எல்லாருக்கும் அவசரம்தான் ஐயா. என்ன சங்கதி எண்டு சொல்லுங்கோ, நான் வாட்டுக்குச் சொல்லிவிடுறன்" என்றார் காவலாளி. சிமியோன் வாயைத் திறந்தார். என்னவென்று சொல்வது? நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துத்தான் அவன் சாகிறான் என்றா?

விலகிப் போய் மதிலோடு நின்று போன் எடுத்தார். அவசரத்தில் இரண்டு தரம் பிழையான ஆளுக்குப் போய், மூன்றாம் தரம்தான் இராசாத்தி எடுத்தாள்.

"அண்ணை, இப்பத்தான் ஒரு கிளாஸ் குடிச்சவர். இன்னொண்டு கேக்கிறார், ஊத்திக்கொண்டிருக்கிறன்."

"குடுக்காதை!"

"என்னண்ணை?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சிமியோனே பிறகு பலதரம் நினைத்து நொந்த இடம் அதுதான்.

"இண்டைக்குச் சாயம் பிழைச்சுப்போச்சு தங்கச்சி. வயித்தைக் குழப்பும். அப்பிடியே கொண்டுபோய் ஊத்திப்போடு. ஒரு சொட்டும் குடுக்காதை."

"சரி அண்ணை. உங்களுக்கும் பிழைக்குமோ!" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

ஐந்து மணிவரை மதிலடியிலேயே நின்றார். நிற்கும்போது ஒரு கணக்குப் போட்டார். தேத்தண்ணியை நிறுத்தியாயிற்று. இனி உப்பு மெல்ல ஏறும். டொக்டரும் தன்னுடைய மருந்துதான் வேலை செய்தது என்று நினைப்பார். சந்தியோகு எழும்பி நடப்பான். எதற்கு வாயைத் திறக்கவேண்டும்? கொலையா செய்துபோட்டேன், நல்லதுக்குத்தானே கொடுத்தேன். இப்படித் தனக்குத் தானே நியாயம் சொன்னார். ஆனால் இரண்டு கிழமை என்ற கனகசபாபதியின் சொல் மட்டும் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.

படலை திறந்ததும் ஓடினார். இராசாத்தி வாட்டு வாசலிலேயே நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"நாளைக்கு விடிய அம்புலன்சிலை கொழும்புக்குக் கொண்டு போகினமாம் அண்ணை. சிறுநீரகத்துக்கு மேலை ஏதோ கட்டி இருக்குமோ எண்டு சந்தேகமாம், அங்கைதான் படம் எடுத்துப் பாக்கலாமாம். வழியிலை நெஞ்சு நிண்டாலும் நிக்குமாம் எண்டு சொல்லிக் கையெழுத்து வேண்டிப்போட்டினம்." அவள் சிமியோனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் கூட வாங்கோ அண்ணை. உங்களை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?"

திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றார் சிமியோன். உள்ளே கட்டிலில் சந்தியோகு முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். இராசா வேசத்துக்கு வளர்த்த மீசை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அந்த மனிதனை நாளைக்கு எட்டு மணித்தியாலம் றோட்டில் குலுக்கிக்கொண்டு போகப்போகிறார்கள், இல்லாத கட்டி ஒன்றைத் தேடி.

"கட்டி இல்லைத் தங்கச்சி" என்றார்.

"என்ன?"

"கட்டி கிட்டி ஒண்டும் இல்லை. நான்தான்."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் அவளுடைய கையை விலக்கிவிட்டு நேரே டொக்டர் இருந்த மேசைக்குப் போனார். இராசாத்தியும் பின்னால் வந்தாள். அவள் கேட்கத்தக்கதாகத்தான் சொன்னார்.

"டொக்டர், அவருக்கு நான் அதிமதுரம் காய்ச்சிக் குடுத்தனான். தேத்தண்ணியோடை."

டொக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "எத்தினை நாளா?"

"ஆறு கிழமை."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"எட்டுக் கிளாஸ். சில நாள் ஒம்பது. ஒவ்வொரு கிளாசுக்கும் என்ரை சுண்டுவிரல் நீள வேர் ரெண்டு, இடிச்சு, பாதியா வத்தக் காய்ச்சினது. இஞ்சை வந்த பிறகும் குடுத்தனான். இண்டைக்கு ரெண்டு மணி வரைக்கும்."

"முதல் நாளே கேட்டனே ஐயா."

"ஓம். கேட்டனியள். நான் பக்கத்திலைதான் நிண்டனான்."

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் சிமியோனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். விறுவிறு என்று எழுதினார், போன் எடுத்துப் பெரிய டொக்டரோடு கதைத்தார், நேர்ஸைக் கூப்பிட்டுக் குளிசையை மாற்றச் சொன்னார். பிறகு, கொழும்புப் பயணத்தை இப்போதைக்கு நிறுத்துகிறோம், இன்றிரவும் நாளையும் தாண்டினால் பயமில்லை என்றார்.

இராசாத்தி அவ்வளவு நேரமும் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அப்ப நீங்கள் போன் எடுக்கேக்கை உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"ஓம்."

"சாயம் பிழைச்சுப்போச்சு எண்டு சொன்னியள்."

"ஓம் தங்கச்சி."

"என்ரை கையாலை பருக்கினனான் அண்ணை. அவர் போதும் எண்ட நேரத்திலையும், சிமியோன் அண்ணை தந்தது, குடியுங்கோ எண்டு பருக்கினனான். நீங்கள் இப்ப சொல்லாமல் விட்டிருந்தால், அவரைப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டும் உங்களைத்தான் கும்பிட்டிருப்பன்."

சிமியோன் அன்றிரவு சாப்பிடவில்லை. மார்கிரட்டிடம் எல்லாவற்றையும் சொன்னார். "இனி நாங்கள் செபிக்கிறதுதான்" என்று அவள் முழங்காலில் இருந்தாள். அவருக்குச் செபமும் வரவில்லை. சுண்டுவிரல் நீள வேர் இரண்டு, எட்டுக் கிளாஸ், ஆறு கிழமை என்று மனம் பெருக்கிக்கொண்டே கிடந்தது.

வியாழன் இரண்டு தசம் நாலு. வெள்ளி இரண்டு தசம் ஒன்பது. அந்த இரண்டு நாளும் சிமியோன் வாட்டு வாசல் வரைக்கும் போனார், உள்ளே போகவில்லை. வெளியே நின்று நேர்ஸிடம் இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பினார். சனிக்கிழமை மூன்றைத் தாண்டியது. சந்தியோகு முழங்காலை மடக்கினார், பிறகு தலையணையில் நிமிர்ந்து இருந்தார். வாசலில் தயங்கி நின்ற நிழலைக் கண்டதும் கூப்பிட்டதும் அவர்தான்.

"டேய், அங்கை என்ன பேய் மாதிரி நிக்கிறாய்? உள்ளுக்கு வா."

சிமியோன் வந்து கட்டிலருகே கதிரையில் இருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தார், அழுகைதான் வந்தது.

"விடு மச்சான்" என்றார் சந்தியோகு. "எட்டுக் கிளாஸை நீ வாயைப் பிளந்து ஊத்தினனியோ? இனிக்குது எண்டு நான்தான் குடிச்சன். குரலைக் கேள், இப்பவும் நிக்குது. கால் வந்தால் அடுத்த முறை ஆடுவம்." சொல்லிவிட்டு இருமினார். "தண்ணி கொஞ்சம் தா."

மேசையில் போத்தலும் கிளாசும் இருந்தன. சிமியோனின் கை பழக்கத்தில் தானாகப் போய்விட்டது. கிளாசை நிறைத்து நீட்டினார். வெறும் தண்ணீர்தான்.

இராசாத்தி எழும்பி வந்தாள். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. அவருடைய கையிலிருந்து கிளாசை மெல்ல வாங்கி, யன்னலால் வெளியே ஊற்றினாள். போத்தலை எடுத்து, அதே தண்ணீரைத் தன் கையால் மறுபடி வார்த்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை" என்றாள். "நான் குடுக்கிறன்."

சந்தியோகு குடித்து முடிக்கும்வரை சிமியோன் கைகளை மடியில் வைத்தபடி இருந்தார்.